கொத்தரிசியும் கைக்காசும்

"சும்மா கிடைக்கும் காசு மனிதனைச் சோம்பேறியாக்கும்" என்னும் கூற்றைக் கேளாதார் நம்மிடையே இலர். பஸ் நிலையத்திலும், கோயில் வீதியிலும், ஏன், ஆசிரியர் ஓய்வறையிலுங்கூட இக்கூற்று அடிக்கடி ஒலிக்கின்றது. அரசின் நிவாரணப் பணம் வங்கிக்கு வரும் நாளில், வரிசையில் நிற்கும் ஏழைப் பெண்களைக் கண்டு இதனைச் சொல்வோர் பெரும்பாலும் மாதச் சம்பளம் பெறும் நம்மவரே. அவர்கள் தீயவரல்லர். வறியவர் கையில் காசு வந்த வரலாற்றையும், அது அவர் கையைவிட்டுப் போன வரலாற்றையும் அவர்கள் படித்ததில்லை. நாமும் அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்ததில்லை.

அவ்வரலாற்றை மாத்தளை மாவட்டத்தை முன்வைத்து நோக்கின் கேள்வியே வேறாகிவிடும். ஏழைக்குக் காசு கொடுப்பது நன்றா தீதா என்று கேட்பதால் பயனில்லை. எவ்வளவு கொடுக்கப்பட்டது? அது சந்தை விலையோடு சேர்ந்து உயர்ந்ததா? யாருக்குக் கொடுப்பது என்ற பட்டியலை எழுதியவர் யார்? இம்மூன்று கேள்விகளுக்கும் காலந்தோறும் விடை மாறியது. விடை மாறுந்தோறும் குடிசையிலும் லயத்திலும் அடுப்பின் நிலை மாறியது. இதனை எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மாத்தளையைத் தேர்ந்தமைக்குக் காரணம் உண்டு. வடக்கே தம்புள்ளை, கலேவெலப் பகுதிகளின் வரண்ட வலய வயல்கள். கிழக்கே லக்கலை, வில்கமுவப் பகுதிகளின் சேனைகள். தெற்கே இரத்தோட்டை, உக்குவளை, அம்பன்கங்க கோறளைப் பகுதிகளின் தேயிலை, இறப்பர்த் தோட்டங்களும் மிளகுக் கொடிகளும். சிங்கள விவசாயியும், தமிழ்த் தோட்டத் தொழிலாளியும், முஸ்லிம் சிறு வியாபாரியும் ஒரே கச்சேரியின் நிர்வாகத்தின் கீழ் வாழும் மாவட்டம் இது. அரசு வறியவரை எவ்வாறு நோக்கியது என்பதை ஒரே இடத்தில் ஒப்பிட்டுக் காண இதனினும் ஏற்ற களம் அரிது.

அரசின் கை இம்மண்ணில் முதலில் நீண்டது எடுப்பதற்கே. 1848ஆம் ஆண்டில் தேசாதிபதி டொரிங்டன் பிரபுவின் ஆட்சி துப்பாக்கிக்கும், நாய்க்கும், கடைக்கும் வரி விதித்தது. அவ்வாண்டின் வீதிச் சட்டமோ வயதுவந்த ஆண்மகன் ஒவ்வொருவனும் ஆண்டில் ஆறு நாள் வீதி வேலை செய்யவேண்டும், அன்றேல் மூன்று சிலிங் கட்டவேண்டும் என்றது. நெல்லும் குரக்கனும் விளைவித்து, பண்டமாற்றில் வாழ்ந்த விவசாயிக்குச் சிலிங் எங்கிருந்து வரும்? காசே புழங்காத வீட்டிற் சென்று காசு கேட்டதுதான் அச்சட்டத்தின் கொடுமை. அவ்வாண்டு ஜூலை 26இல் கொங்காலேகொட பண்டா தம்புள்ளையில் அரசராக முடிசூட்டப்பட்டார். இரண்டு நாள் கழித்து மாத்தளையில் அரச கட்டடங்கள் தாக்கப்பட்டன. கச்சேரியில் இருந்த வரிப் பதிவேடுகள் அழிக்கப்பட்டன. ஓகஸ்ட் 8இல் புரன் அப்பு கண்டியிற் சுட்டுக் கொல்லப்பட்டார். மக்களின் சினம் துப்பாக்கி ஏந்திய படையின்மீது மட்டுமன்றிப் பதிவேட்டின்மீதும் பாய்ந்தது என்பதை நாம் மனத்திற் கொள்ளவேண்டும். ஏழையின் பெயர் அரசின் ஏட்டில் ஏறுவது அன்று அவனுக்கு ஆபத்து. பின்னொரு காலத்தில் அப்பெயர் ஏட்டில் இல்லாமற் போவதே ஆபத்தாயிற்று.

அதே காலத்திற்றான் கோப்பித் தோட்டங்களுக்காகத் தென்னிந்தியாவிலிருந்து தொழிலாளர் வந்துகொண்டிருந்தனர். மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே தம்புள்ளையைக் கடந்து அவர்கள் முதலில் வந்தடைந்த மலைநாட்டுப் பட்டினம் மாத்தளை. வழியில் வாந்திபேதியாலும் பசியாலும் மாண்டோர் பலர். 1869இல் கோப்பி இலைநோய் தோன்றிப் பின்னர் தேயிலை தலையெடுத்தது. 1880இல் புகையிரதம் மாத்தளையை எட்டியது. பயிர் மாறியதேயன்றித் தொழிலாளியின் கணக்கு மாறவில்லை. கரையில் வாங்கிய முற்பணம் கடனாக ஏட்டில் ஏறியது. தொழிலாளரின் எண்ணிக்கைக்கேற்பக் கங்காணிக்குத் தலைக்காசு கிடைத்தது. அரிசியைத் தோட்டமே அளந்து கொடுத்துக் கூலியிற் கழித்தது. ஒரு தோட்டத்தைவிட்டு மற்றொன்றுக்குச் செல்ல வேண்டுமாயின், கடன் தொகை எழுதப்பட்ட "துண்டு" கையிலிருக்க வேண்டும். புதிய தோட்டம் அக்கடனைத் தீர்த்தாற்றான் ஆள் கைமாறுவான். 1921இல் துண்டு முறை சட்டத்தால் ஒழிக்கப்படும்வரை நிலை இதுவே. தொழிலாளி சம்பாதித்தான், காசு ஏட்டிலேயே பிறந்து ஏட்டிலேயே இறந்தது. இன்று பொருளாதார அறிஞர் "நேரடி" என்னும் சொல்லைப் பயன்படுத்தும்போது, அச்சொல்லுக்கு நம் மக்களின் நினைவில் எத்துணைப் பொருள் உண்டு என்பதை இவ்வரலாறு உணர்த்தும்.

கொடுக்கும் கை பரந்த அளவில் நீண்டது இரண்டாம் உலகப் போரின்போது. 1942இல் பர்மா ஜப்பானியர் வசமாயிற்று. பர்மிய அரிசியை நம்பியிருந்த இலங்கையில் பங்கீடு வந்தது. போர்க்காலத் தேவைக்காக வந்த கூப்பன், போர் முடிந்த பின்னும் நிலைத்து நின்றது. அதன் பெருஞ்சிறப்பு யாதெனில், அது வருமானத்தை விசாரிக்கவில்லை, வாயை எண்ணியது. 1948இன் பிரசாவுரிமைச் சட்டம் தோட்டத் தமிழருட் பெரும்பாலோரை நாடற்றவராக்கிய காலத்திலுங்கூட, கூப்பன் அரிசி அவர்களை நாடியது. வாக்குச் சீட்டில் இல்லாத பெயர் கூப்பன் புத்தகத்தில் இருந்தது. லயத்துத் தொழிலாளியும், லக்கலைச் சேனைக்காரனும், மாத்தளை நகரத்து முதலாளியும் அளந்து பெற்றது ஒரே கொத்தினால்.

இவ்வுரிமை எளிதில் நிலைத்ததன்று. 1953 ஜூலையில் அரசு ஒரு கொத்து அரிசியின் விலையை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தியது. பாடசாலைப் பிள்ளைகளின் மதிய உணவும் நிறுத்தப்பட்டது. ஓகஸ்ட் 12இல் இடதுசாரிக் கட்சிகளின் அழைப்பை ஏற்று நாடெங்கும் ஹர்த்தால் எழுந்தது. அமைச்சரவை கொழும்புத் துறைமுகத்தில் நின்ற பிரித்தானியப் போர்க்கப்பலிற் கூடியது. துப்பாக்கிச் சூட்டிற் பலர் உயிரிழந்தனர். ஒக்டோபரில் பிரதமர் டட்லி சேனநாயக்கா பதவி துறந்தார். அடுத்து வந்த ஆட்சி விலையைக் குறைக்க நேர்ந்தது. அதன்பின் நெடுங்காலம் எந்த ஆட்சியும் கொத்தரிசியில் அச்சமின்றிக் கை வைக்கவில்லை. அரிசி கருணையாக வந்ததன்று, உரிமையாக நிலைநாட்டப்பட்டது என்று நாம் சொல்வது இதனாலேயே.

எனினும் கொத்தரிசிக் காலத்தைப் பொற்காலமென்று போற்றுவதும் வரலாறாகாது. 1966 இறுதியில் இரண்டு கொத்து, இலவசமான ஒரு கொத்தாயிற்று. 1970இல் இரண்டாவது கொத்தையும் தருவோம் என்ற வாக்குறுதியோடு ஐக்கிய முன்னணி ஆட்சியைப் பிடித்தது. ஆனால் 1973இல் உலகச் சந்தையில் உணவு விலையும் எண்ணெய் விலையும் ஒருங்கே ஏறியபோது, பங்கீடு வெட்டப்பட்டது. அதன் விளைவு எல்லோர் வீட்டிலும் ஒரே வகையாக இல்லை. கிராமத்து விவசாயிக்குக் கொல்லையில் மரவள்ளியும் பலாவும் இருந்தன. தோட்டத் தொழிலாளிக்கு லயத்தின் முன்னால் ஒரு சாண் நிலந்தான் இருந்தது. வேலையில்லாத நாளில் "பேர்" விழாது. பேர் விழாவிடின் கூலி இல்லை. 1974இல் தோட்டப்புறங்களின் இறப்பு வீதம் திடீரென உயர்ந்தது. பிச்சைப் பாத்திரம் ஏந்திப் பட்டினங்களை நாடி வந்த தொழிலாளரைக் கண்ட முதியோர் இன்றும் நம்மிடையே உளர். நிலமற்றவனுக்குக் காசும் பங்கீடும் மட்டுமே கதி. இரண்டும் ஒருங்கே தளரும்போது அவனைத் தாங்க வேறொன்றும் இல்லை. இப்பாடத்தை நாம் பின்னரும் நினைவுகூர வேண்டியிருக்கும்.

1977இல் வந்த ஆட்சி திறந்த பொருளாதாரக் கொள்கையை மேற்கொண்டது. 1978 ஜனவரியில் மாத வருமானம் 300 ரூபாவுக்குட்பட்ட குடும்பங்களுக்கே பங்கீடு என வரையறுக்கப்பட்டது. 1979 செப்டெம்பரில் பங்கீட்டரிசியே மறைந்து, அதனிடத்தில் உணவு முத்திரை வந்தது. வரலாற்றிற் பெருந்திருப்பம் இதுவே. அதுவரை அரசு வாக்களித்தது ஒரு கொத்து அரிசி. இனி அரசு வாக்களித்தது இத்தனை ரூபா. எட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு மாதம் 25 ரூபா. எட்டு முதல் பன்னிரண்டு வயதுவரை 20 ரூபா. அதற்கு மேற்பட்டோருக்கு 15 ரூபா. வீட்டுக்கு மண்ணெண்ணெய் முத்திரை 9 ரூபா 50 சதம்.

இதனை மாணவர் ஒரு கணக்காகச் செய்து பார்க்கலாம். தாய், தந்தை, பதினான்கு வயது மகன், பத்து வயது மகள், ஐந்து வயதுக் குழந்தை கொண்ட குடும்பத்திற்கு உணவு முத்திரை 90 ரூபா. 1979இலும் 90 ரூபா. 1982இலும் அதே 90 ரூபா. தாளில் எழுதிய எண் ஓர் அணுவும் குறையவில்லை. ஆனால் அம்மூன்று ஆண்டுகளில் அத்தாள் வாங்கக்கூடிய பண்டம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. எவரும் வெட்டவில்லை, எந்த அமைச்சரும் அறிக்கை விடவில்லை, எங்கும் ஹர்த்தால் எழவில்லை. 1953இல் விலையை உயர்த்திய அரசு பிரதமரை இழந்தது. 1979இன் பின் விலை தானே உயர்ந்தது. அரசு ஒன்றையும் இழக்கவில்லை. தேசிய உற்பத்தியில் உணவு மானியத்தின் பங்கு 1970களின் நடுப்பகுதியில் நூற்றுக்கு ஐந்து அளவில் இருந்தது. 1980களின் நடுப்பகுதியில் ஒன்றரைக்கும் கீழே இறங்கிவிட்டது. அக்காலக் கணக்கெடுப்புகள் நாட்டின் மிக வறிய குடும்பங்கள் உண்ட உணவின் கலோரி குறைந்ததைக் காட்டின. பண உதவியின் இரகசியம் இங்கே உள்ளது. கொத்து சுருங்கினால் கண்ணுக்குத் தெரியும். ரூபா சுருங்குவது வயிற்றுக்கு மட்டுமே தெரியும்.

முத்திரை கொணர்ந்த மற்றொன்று பட்டியல். வாயை எண்ணிய அரசு இப்போது வருமானத்தை எண்ணலாயிற்று. சேனைப் பயிரின் வருமானத்தையோ சிறுவியாபாரியின் வருமானத்தையோ அளந்து கூற எவராலும் இயலாது; அவர் சொன்னதே கணக்கு. தோட்டத் தொழிலாளியின் வருமானமோ செக்ரோலில் ஒவ்வொரு பேராக, அரைப் பேராக எழுதப்பட்டிருந்தது. கணவனும் மனைவியும் வளர்ந்த பிள்ளையும் மலையேறி உழைத்தால், ஏட்டின்படி அக்குடும்பம் வறிய குடும்பமன்று. மூவர் உழைத்தும் கடைக்கடன் தீராத நிலையை எந்த ஏடும் எழுதவில்லை. அன்றியும், 1980இல் புதிய விண்ணப்பங்களை ஏற்பது நிறுத்தப்பட்டது. அதன்பின் வறுமையில் வீழ்ந்தவன் பிந்தி வீழ்ந்தவனாகிவிட்டான்.

பின்னர் வந்த திட்டங்கள் யாவும் இப்பட்டியலின் வழித்தோன்றல்களே. 1987 முதல் 1989 வரை தென்னிலங்கை இளைஞரின் கிளர்ச்சியும் அதனை நசுக்கிய கொடுமையும் மாத்தளைக் கிராமங்களையும் இரத்தத்தில் தோய்த்தன. அச்சூழலில் 1989இல் ஜனாதிபதி பிரேமதாசா ஜனசவியவைத் தொடங்கினார். குடும்பமொன்றுக்கு மாதம் 2,500 ரூபா, 24 மாதங்களுக்கு. அதில் 1,458 ரூபா நுகர்வுக்கு, எஞ்சிய 1,042 ரூபா சேமிப்புக்கு. இரண்டாண்டு முடிவில் 25,000 ரூபா மூலதனம் கைக்கு வரும் என்பது கணக்கு. எண்ணம் பெரிது. ஆனால் நாடு முழுவதற்கும் ஒருங்கே கொடுக்கப் பணமின்றிச் சுற்றுச் சுற்றாகவே அது நடைபெற்றது. உணவு முத்திரைப் பட்டியலே அதற்கும் அடிப்படையாயிற்று. முன்னைய பட்டியலில் விடுபட்டவர் இதிலும் விடுபட்டனர்.

1995இல் சமுர்த்தி வந்தது. தொடக்கத்தில் தோட்டப்புறம் பெரும்பாலும் அதன் எல்லைக்கு வெளியே நின்றது. தோட்டம் கம்பனியின் பொறுப்பு, கிராமமே அரசின் பொறுப்பு என்ற பழைய மனப்பான்மை மறையவில்லை. பிரதேச சபைகள் தோட்டக் குடியிருப்புகளுக்குச் செலவிடுவதற்கிருந்த சட்டத் தடைகூட 2018இற்றான் திருத்தத்தின்மூலம் நீக்கப்பட்டது. கிராமத்திலும் சமுர்த்தியின் பட்டியல் நேர்மையாக அமையவில்லை. உலக வங்கிக்காக 2000ஆம் ஆண்டளவில் செய்யப்பட்ட ஆய்வொன்று, மிக வறிய ஐந்திலொரு பங்கினருள் நூற்றுக்கு நாற்பது குடும்பங்கள் விடுபட்டன என்றும், செலவில் நூற்றுக்கு நாற்பத்து நான்கு பங்கு மேல்மட்ட மூன்று பிரிவினருக்குச் சென்றது என்றும் கண்டது. கட்சிக்காரருக்கு முதலிடம், கூட்டத்திற்கு வந்தவருக்கு இரண்டாமிடம், வறியவருக்கு எஞ்சிய இடம் என்பது கிராமத்தவர் எவரும் அறிந்த முறை. ஆட்சி மாறுந்தோறும் பெயர்ப்பலகை மாறியது: ஜனசவிய, சமுர்த்தி, திவிநெகும. பெயரைச் சூட்டியவர் அதனைத் தம் கொடையாகக் காட்டினார். பெற்றவர் நன்றி சொல்லக் கடமைப்பட்டவரானார். உரிமை இவ்வாறே உபகாரமாயிற்று.

இதன் விளைவை எண்களிற் காண விரும்புவோர் 2019ஆம் ஆண்டின் அரச கணக்கெடுப்பை நோக்கலாம். நாட்டு மக்களுள் நூற்றுக்கு 14.3 பேர் வறியோர், கிராமப்புறத்தில் 15, தோட்டப்புறத்தில் 33.8. கால் நூற்றாண்டு நிவாரணத்தின் பின்னர் தோட்டத்து மக்களில் மூவரில் ஒருவர் வறுமைக் கோட்டின் கீழ் நின்றார்.

அதன்மேல் 2022இன் பேரிடர் வந்தது. நாடு கடனைத் திருப்பிக் கொடுக்க இயலாதென அவ்வாண்டு ஏப்ரலில் அறிவித்தது. செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதம், ஓராண்டில் உணவின் விலை ஏறத்தாழ இரட்டித்தது. 1979இல் மெல்ல நடந்தது இப்போது ஓராண்டில் நடந்தேறியது. இந்நிலையில் 2023 ஜூலையில் அஸ்வெசும நடைமுறைக்கு வந்தது. 22 குறிகாட்டிகளைக்கொண்டு குடும்பங்கள் நான்காக வகுக்கப்பட்டன; மாதந்தோறும் 2,500, 5,000, 8,500, 15,000 ரூபா எனப் பணம் வங்கிக் கணக்குக்கே வந்தது. 2025 ஜனவரியில் கடைசி இரு பிரிவினரின் தொகை 10,000, 17,500 ரூபா என உயர்த்தப்பட்டது.

இத்திட்டத்தின் நன்மையை மறைப்பது நேர்மையாகாது. தொகை முன்னையதினும் பெரிது. கங்காணியின் கையோ, கட்சிக்காரரின் கையோ இடையிற் படாமற் பெறுபவரின் கணக்கையே அடைகின்றது. துண்டு முறையில் வாழ்ந்த பாட்டன்மாரின் பேர்த்தி தன் பெயரிலுள்ள வங்கிப் புத்தகத்தைத் திறந்து பார்ப்பது சிறிய காரியமன்று. அப்பணம் எங்கே செல்கின்றது? இம்மாவட்டத்திற் கற்பிக்கும் ஆசிரியர் எவரும் இதற்கு விடை கூறுவர். முதலிற் கடைக்காரரின் கொப்பியிலுள்ள பழைய கணக்கிற் பாதி தீர்கின்றது. பின்னர் அரிசியும் மாவும் பருப்பும். அதன்பின் பிள்ளையின் சப்பாத்து, அப்பியாசக் கொப்பி, பஸ் கட்டணம். வீட்டில் நோயாளி இருப்பின் மருந்து. சிறுநீரக நோய் பரவியுள்ள வில்கமுவப் பகுதியிற் சிகிச்சைக்காகச் செல்லும் நோயாளியின் பஸ் செலவே ஒரு குடும்பத்தின் கூலியைத் தின்றுவிடும். கடைக்கடன் குறைந்த குடும்பம் அடுத்த மாதம் விலை கேட்டு வாங்கத் துணிகின்றது. கடன்பட்டவன் விலை கேட்பதில்லை. கொடுத்ததை வாங்கிச் செல்வான். கைக்காசு தரும் விடுதலை இதுவே.

சோம்பேறித்தனம், குடி என்னும் குற்றச்சாட்டுகளுக்கும் இங்கேயே விடை கூறிவிடலாம். உலக வங்கியைச் சேர்ந்த எவன்ஸ், போப்போவா என்னும் ஆய்வாளர் இலத்தீன் அமெரிக்கா, ஆபிரிக்கா, ஆசியா ஆகிய கண்டங்களில் நடந்த பல ஆய்வுகளைத் தொகுத்து நோக்கினர். பண உதவி பெற்ற வறியோர் மதுவுக்கும் புகையிலைக்கும் கூடுதலாகச் செலவிட்டமைக்குச் சான்று இல்லை என்பதே அவர்கள் கண்ட முடிவு. இந்தியாவின் மத்தியப் பிரதேசத்திற் சேவா என்னும் மகளிர் தொழிற்சங்கம் 2011, 2012ஆம் ஆண்டுகளில் சில கிராமங்களில் நிபந்தனையின்றிப் பணம் கொடுத்துப் பார்த்தது. குழந்தைகளின் உணவு மேம்பட்டது, வேலையும் குறையவில்லை. பிறர் நிலத்திற் கூலிக்குச் சென்றோர் தம் சொந்த நிலத்திற் கூடுதலாக உழைக்கலாயினர். வறியவன் சோம்பேறியாக இருக்கக் கட்டுப்படியாகாதவன். இதனை அறியப் பெரிய ஆய்வுகூடத் தேவையில்லை.

ஆயினும் பழைய நோய்கள் இரண்டு அஸ்வெசுமவையும் பற்றியே நிற்கின்றன. ஒன்று பட்டியல். 2023இல் முதற் பட்டியல் வெளியானபோது இலட்சக்கணக்கான மேன்முறையீடுகள் குவிந்தன. வீடு, சொத்து, மின்சாரம், கல்வி என்பவற்றை எண்ணும் குறிகாட்டிகள் லயத்துக் காம்பிராவை எவ்வாறு அளக்கும்? சுவரும் கூரையும் தோட்டத்துக்குரியவை. ஒரே காம்பிராவில் இரண்டு மூன்று குடும்பங்கள் வாழும். தனித்தனி விலாசம் இல்லை. எத்தனை வீடுகள் என்று கேட்டால் ஒன்று. எத்தனை அடுப்புகள் என்று கேட்டால் மூன்று. சுவரொன்றைப் பகிரும் அயல்வீட்டார் இருவருள் ஒருவருக்குப் பணம் வந்து மற்றவருக்கு வராதபோது, அவர்கள் அரசோடு பிணங்குவதில்லை, தம்முள் பிணங்கிக்கொள்கின்றனர். சிங்களக் கிராமத்திலும் நிலை இதுவே. ஒரே வர்க்கத்தவரைப் பெற்றவர், பெறாதவர் என இரண்டாகப் பிளக்கும் ஆற்றல் பட்டியலுக்கு உண்டு.

மற்றது ரூபாவின் சுருக்கம். 2025இல் தொகை உயர்ந்தது வரவேற்கத்தக்கதே. ஆனால் அரிசி விலை உயரும்போது தொகையும் தானே உயரும் என்ற விதி சட்டத்தில் இல்லை. உயர்த்துவதும் விடுவதும் வரவுசெலவுத் திட்டம் எழுதுவோரின் விருப்பம். 1979இன் 90 ரூபாவுக்கு நேர்ந்தது இன்றைய தொகைக்கும் நேராதென்று உறுதி கூறுவார் யார்?

இங்கே எச்சரிக்கையொன்றை இங்கிலாந்தின் வரலாற்றிலிருந்து எடுத்துக்கூறுவது பொருந்தும். 1795இல் பேர்க்‌ஷயர் மாவட்டத்தின் நீதவான்கள் ஸ்பீனம்லாந்து என்னுமிடத்திற் கூடி, உழைப்பாளியின் கூலி போதாதவிடத்து, ரொட்டியின் விலைக்கேற்ப உதவிப்பணம் கொடுப்பதெனத் தீர்மானித்தனர். விலையோடு நகரும் உதவி என்ற அளவில் அது நம் உணவு முத்திரையினும் மேலானது. ஆனால் பண்ணைச் சொந்தக்காரர் கூலியை உயர்த்தவேண்டிய தேவையிலிருந்து தப்பினர். குறையை ஊர்நிதி நிரப்பியது. அதன் தீமை எவ்வளவு என்பதில் வரலாற்றாசிரியர் இன்றும் வேறுபடுவர். உழைப்போரைச் சோம்பேறிகள் என்று பழித்து 1834இல் அவ்வுதவியை ஒழித்த ஆளும் வர்க்கம், குறைந்த கூலி கொடுத்தவரைப் பழிக்கவில்லை என்பதில் ஐயமில்லை. மாத்தளைத் தோட்டங்களுக்கும் இக்கதை அந்நியமன்று. ஆயிரம் ரூபா நாட்கூலிக்காகப் பல்லாண்டு போராடி, 2021இற்றான் தொழிலாளர் அதனைப் பெற்றனர். 2024இல் அடிப்படைக் கூலி 1,350 ரூபாவாயிற்று. முழுநாள் உழைத்தும் நிவாரணப் பட்டியலில் இடந்தேடும் நிலை இருக்குமாயின், அந்நிவாரணத்தில் ஒரு பங்கு உண்மையிற் குறைந்த கூலி கொடுப்பவருக்கே அளிக்கப்படும் மானியமாகும். நிவாரணம் கூலிக்கு ஈடாகாது, நிலத்துக்கும் ஈடாகாது. 1974இன் பாடம் இதுவே.

கடலுக்கு அப்பாலும் ஒருமுறை நோக்குவோம். தமிழ்நாட்டில் 2023 செப்டெம்பர் 15 முதல் ஒரு கோடிக்கு மேற்பட்ட குடும்பத் தலைவியருக்கு மாதம் ஆயிரம் இந்திய ரூபா வழங்கப்படலாயிற்று. அதற்கு அவர்கள் சூட்டிய பெயர் மகளிர் உரிமைத் தொகை. அங்கும் தகுதி நிபந்தனைகள் உண்டு, பட்டியலும் உண்டு, குறைகளும் உண்டு. எனினும் "உரிமை" என்னும் சொல்லை அரசே எழுதிவிட்டால், மக்கள் அதனைப் பிடித்துக்கொண்டு வாதாட இடமுண்டு. உபகாரத்தின் பேரில் எவரும் வழக்காட முடியாது.

அவ்வாறாயின் நாம் கோரவேண்டியவை யாவை? கொடுக்கும் தொகை அரிசி, மா, பருப்பு, மண்ணெண்ணெய் ஆகியவற்றின் விலையோடு சட்டப்படி பிணைக்கப்படவேண்டும்; ஆண்டுதோறும் கையேந்திப் பெறும் உயர்வாக அது இருத்தல் கூடாது. பட்டியல் ஊர் மக்களின் முன்னிலையில் வாசிக்கப்பட்டு, சிங்களத்திலும் தமிழிலும் காரணத்தோடு ஒட்டப்படவேண்டும். லயத்தில் ஒவ்வோர் அடுப்பும் ஒரு குடும்பமென எண்ணப்பட்டு, ஒவ்வொரு குடும்பத்துக்கும் விலாசம் அமையவேண்டும். நிவாரணத்தோடு நியாயமான கூலியும், கால் ஊன்ற ஒரு துண்டு நிலமும் ஒரே கோரிக்கையாக எழவேண்டும். இவற்றை லக்கலை விவசாயியும் இரத்தோட்டைத் தொழிலாளியும் தனித்தனியே கேட்பின் கிடைப்பது அரிது. அவர்களை இரண்டு பட்டியல்களாகப் பிரித்து வைத்திருப்பது யாருக்கு இலாபம் என்பதை நம் மாணவர் சிந்திக்கவேண்டும்.

1953இல் இந்நாட்டு மக்கள் ஒரு கொத்து அரிசிக்காக எழுந்தார்கள். அதன் விலை ஏறியதை அவர்கள் கண்ணாற் கண்டார்கள். இன்று வங்கிக் கணக்கில் வந்து விழும் எண் மாறுவதில்லை; அதன் பெறுமதியோ மாதந்தோறும் மாறுகின்றது. கண்ணுக்குத் தெரியாத இவ்வெட்டைக் கணக்கிட்டுக் காட்டும் பொறுப்பு, கணக்குக் கற்பிக்கும் நமக்கும் அதனைக் கற்கும் மாணவருக்கும் உண்டு. கடைக்காரரின் கொப்பியையும் வங்கிப் புத்தகத்தையும் அருகருகே வைத்துப் படிக்கத் தெரிந்த பிள்ளை, தன் தாயை எவரும் சோம்பேறி என்று சொல்ல இடங்கொடாது.